நான்கு சக்கரமும் சூடு

செப்டம்பர் 24, புதன்

சர்வீஸ் முடிந்து கார் வந்துவிட்டது. முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட். செய்தது காலனி முனையில் தகர ஷெட் போட்டிருக்கும் லிங்கதுரை. ஐம்பத்தைந்து வயதாகிறது, பதினேழு வருடமாக அதே இடம், இன்னும் ஸ்பேனரை வாயில் கவ்விக்கொண்டுதான் பேசுகிறான். ஆனால் வேலை சுத்தம், மீந்ததை அமுக்குவதும் கிடையாது. பாதி தீர்ந்த ஸ்டீயரிங் ஆயில் பாட்டில் ஒன்றும் சீல் உடைக்காத பிரேக் ஆயில் பாட்டில் ஒன்றும் பையில் போட்டுக் கொடுத்தான்.

"அவசரத்துக்கு வீட்ல இருக்கட்டும் மேடம். ஆனா குறைஞ்சா எங்கிட்ட வாங்க. நீங்களா ஊத்திராதீய."

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவளிடம் சொல்கிறான். பிரேக்கில் ஊற்றுவது ஆயிலே இல்லை, கிளைக்கால் என்கிற ரசாயனத் திரவம், தண்ணீரோடு கலந்துவிடும் என்றேன். "எல்லாரும் ஆயில்னுதான சொல்லுதாவ" என்றான். எல்லாரும் என்று ஒரு பெரிய விஞ்ஞானி இருக்கிறார், அவர் சொல்லிவிட்டால் முடிந்தது.

இந்த வருட டைரியில் கோடு அச்சடிக்க மையே வைக்கவில்லை போலிருக்கிறது. என் எழுத்து மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது. இதற்கு முன்னுரையில் கம்பெனிக்காரர் புத்தாண்டு வாழ்த்து வேறு சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலையிலேயே நமசிவாயம் வந்து உட்கார்ந்தார். காலனிச் சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற தாசில்தார். கையெழுத்துப் போட்டதைத் தவிர அந்தக் கையால் ஆயுளில் ஒரு வேலையும் செய்ததில்லை. லிங்கதுரையின் ஷெட் சங்கத்து நிலத்தில் இருக்கிறது. அவனைக் காலி செய்துவிட்டு அங்கே ஷட்டில் கோர்ட் போட வேண்டுமாம். யார் ஆடப்போகிறார்கள்? இவரால் குனிந்து சொந்தச் செருப்பை மாட்ட முடியாது. நவம்பர் 2 கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம். மொத்தம் ஐந்து பேர். இவரோடு சேர்த்து இரண்டு பேர் காலி செய்யச் சொல்கிறார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். ஐந்தாவது ஆள் நான்.

"மேடம் கையிலதான் இருக்கு" என்று பல்லைக் காட்டினார்.

இந்தக் காலனியில் உருப்படியாக வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அவனைத் துரத்திவிட்டு நீங்கள் பந்தடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். சுண்டல் கொடுத்தது தண்டம்.

பிறகு காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜையன்று எதுவும் குறையாக இருக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். உப்பு ஜாடி முதல் மைக்கூடு வரை அப்பா தளும்பத் தளும்ப நிரப்புவார். பெட்ரோல் நேற்றே நிரப்பியாயிற்று. இன்று வைப்பர் தண்ணீர், ரேடியேட்டர் தண்ணீர். பிரேக் டப்பாவில் திரவம் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தால், அது ஏற்கெனவே திறந்து பாதிதான் இருக்கிறது. சீல் உடைக்காதது என்று கொடுத்த லட்சணம்! நிறம் வேறு சிவப்பு. கிளைக்காலுக்குச் சாயம் எதற்கு? எல்லாம் விற்கிறவன் புத்தி. லேபிளில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, மனுஷன் படிப்பதற்காக அடிப்பதே இல்லை. விளிம்பு வரை ஊற்றி, மூடிக்கும் ஒரு பொட்டு வைத்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கார் சோம்பிப் போகிறது. மிதித்தால்தான் நகர்கிறது. பெட்ரோலில் கலப்படம், வேறென்ன.

அக்டோபர் 9, வியாழன்

ரோஸ்லினை அவள் மகள் வீட்டில் விடத் தூத்துக்குடிக்குப் புறப்பட்டோம். ரோஸ்லின் என்னோடு அதே கல்லூரியில் பௌதிகம் நடத்தியவள், இப்போது அடுத்த வீடு. காரில் ஏறியதும் ஜெபம் செய்வாள். முன்பெல்லாம் ஊர் எல்லையில் ஆமென் சொல்லிவிடுவாள், இப்போது வழி முழுக்க உதடு அசைகிறது.

வல்லநாடு தாண்டுவதற்குள் நாற்றம்.

"செண்பகம், என்னமோ தீயுது" என்றாள்.

காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்ததும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வண்டி தானாக நின்றது. பிரேக் பெடல் கல்லாக இருக்கிறது. இறங்கிச் சக்கரத்தில் தண்ணீர் தெளித்தேன், சுர்ரென்றது. நான்கு சக்கரமும் அப்படித்தான். ஒரு மணி நேரம் புளியமர நிழலில் நின்றோம். ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. மறுபடி பத்து கிலோமீட்டரில் அதே கதை. திரும்பிவிட்டோம்.

"வழியில அந்த ஸ்பீட் பிரேக்கர் உனக்குத் தெரியவே இல்லையா? தலை கூரையில முட்டிட்டு."

வெள்ளைக் கோடு போடாதவர்களைக் கேட்காமல் என்னைக் கேட்கிறாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

லிங்கதுரையிடம் கொண்டுபோனேன். முழுவதும் கேட்டுவிட்டு அவன் சொன்ன முதல் வாக்கியம் இது.

"பிரேக் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டுதீயளோ மேடம்? லேடீஸ் நெறைய பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு."

இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறேன். இவன் டிரவுசர் போட்டுக்கொண்டு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிவிட்டேன். அதைச் சொன்னேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஜாக்கி வைத்தான்.

நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பார்த்தான். ஒன்றும் சுற்றவில்லை. பிறகு முன் சக்கரத்தில் காற்று எடுக்கிற சின்னத் திருகை லேசாகத் தளர்த்தினான். திரவம் பீய்ச்சி அடித்தது, சக்கரம் உடனே விட்டது.

"பாத்தீயளா? காலை எடுத்தாலும் பிரஷர் திரும்பாம உள்ளயே நிக்கி. ஒரு வீல் பிடிச்சா அந்த வீல்ல கோளாறு. நாலும் சேந்து பிடிச்சா, நாலுக்கும் பிரஷர் அனுப்புத மாஸ்டர் சிலிண்டர்லதான்."

சொன்னது தர்க்கம்தான், மறுக்கவில்லை. பிரேக் டப்பாவின் மூடியைத் திறந்தான். உள்ளே இருந்த ரப்பர் வெளியே தொங்கியது. ஊறிப்போன அப்பளம் மாதிரி உப்பி நெளிந்திருந்தது. திரும்ப உள்ளே அடங்கவே இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலில் திரவத்தைத் தொட்டுத் தேய்த்து முகர்ந்தான்.

"மேடம், இதுல யாரோ..."

"வாயை மூடு" என்றேன். "இந்தக் காரில் கை வைத்தது நீ ஒருத்தன். சீல் உடைத்த பாட்டிலைச் சீல் உடைக்காதது என்று கொடுத்தவனும் நீ."

அவன் அந்த ரப்பரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஷெட்டு ஆணியில் மாட்டினான். வேறு ஒரு மூடியைப் போட்டுவிட்டு, "வண்டிய ஓட்டாதீய. சூடானா ரோட்டு நடுவுல நின்னு போவும்" என்றான். வீடு வரை ஓட்டிக்கொண்டுதான் வந்தேன்.

அக்டோபர் 15, புதன்

காலை நடையில் எட்டுப் பேரிடம் சொல்லியாயிற்று. எட்டுப் பேரும் அவனிடம்தான் வண்டி விடுகிறார்கள். எதை ஊற்றினான் என்று தெரியாது, ஆனால் ரப்பர் ஊதுமளவுக்கு எதையோ ஊற்றியிருக்கிறான், ஜாக்கிரதை என்றேன். ரசாயனம் படித்தவள் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் "அப்படியா, அவன் அப்படிப்பட்ட ஆளில்லையே" என்றார். அவருக்கு ஆயுளில் ஒரு கணக்கும் சரியாக வந்ததில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

நமசிவாயம் ஓடோடி வந்தார். முகமெல்லாம் தீபாவளி. "மேடம், இதையே ஒரு புகாரா எழுதிக் குடுத்துருங்க. தேதி போட்டு, கூட்டத்துல நீங்களே வாசிச்சிருங்க. அப்பறம் ஓட்டெடுப்பே தேவைப்படாது."

எழுதித் தருகிறேன் என்றேன். அவரும் நானும் ஒரே பக்கம் நிற்பது உடம்பெல்லாம் அரிக்கிறது. அதற்கும் லிங்கதுரைதான் காரணம்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வழக்கமாகத் தீபாவளிக்கு முன்பு ஷெட் வாசலில் வண்டிகள் வரிசை கட்டும். இந்த வருடம் நேற்றுவரை ஒன்றுகூட இல்லை. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே துடைத்தான். நியாயம்தான். எனக்கு ஏனோ அதிரசம் தொண்டையில் இறங்கவில்லை. வாங்கின கடையில் எண்ணெய் மட்டம்.

அக்டோபர் 24, வெள்ளி

ரோஸ்லின் கண் ஆஸ்பத்திரிக்கு வா வா என்று நச்சரிக்கிறாள். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று ஒரு பேச்சுக்குச் சொன்னது தப்பு. பஞ்சாயத்து மட்டமான பல்பு போட்டால் வளையம் தெரியாமல் என்ன செய்யும்?

அக்டோபர் 30, வியாழன்

புகார் என்றால் ஆதாரம் வேண்டும். பிரேக் டப்பாவிலிருந்து சொட்டுக்குழாயால் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் விட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்தேன். முதலாண்டு மாணவிக்குத் தெரிகிற சோதனை. சுத்தமான கிளைக்கால் என்றால் தண்ணீரோடு ஒன்றாகிவிடும். எண்ணெய் இருந்தால் மிதக்கும்.

பத்து நிமிடத்தில் மேலே ஒரு படலம் தனியாகப் பிரிந்து நின்றது. கனிம எண்ணெய்! பிரேக்கில் இருக்கிற ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதும். ஊதினால் திரவம் திரும்புகிற துவாரம் அடைபடும். பிரஷர் உள்ளேயே நிற்கும், பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும், சக்கரம் சூடாகும். எல்லாம் பொருந்திவிட்டது. கைதட்டாத குறை.

ரோஸ்லின் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மேல நிக்கது செவப்பா இருக்கே."

"அவன் ஊற்றின எண்ணெய்."

"அவன் எதுக்கு செண்பகம் ஊத்தணும்? பதினேழு வருசமா ஊத்தாதவன்."

பௌதிகக்காரிகளுக்குத் தள்ளுவதும் இழுப்பதும்தான் தெரியும், மனித சுபாவம் தெரியாது. டம்ளரைக் கழுவி வைத்தேன்.

நவம்பர் 1, சனி

நாளை கூட்டம். புகாரில் தேதிகள் துல்லியமாக இருக்க வேண்டும் என்று இந்த டைரியைப் பின்னாலிருந்து புரட்டினேன். என் எழுத்தை நானே படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

அக்டோபர் 1ஐ நான்கு முறை வாசித்தேன்.

அலமாரியைத் திறந்தேன். இரண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஒரே உயரம். ஒன்றில் அடியில் கொஞ்சம் சிவப்பாக மிச்சம். லேபிளில் பூதக்கண்ணாடியை வைத்தேன். ஸ்டீயரிங் ஆயில். மற்றதைத் தூக்கினேன். கனத்தது. மூடியைச் சுற்றிச் சீல் அப்படியே இருக்கிறது.

பூஜையன்று விளிம்பு வரை ஊற்றியது நான். சிவப்பாக இருக்கிறது என்று பார்த்தேன், எழுதினேன், எழுதியும் ஊற்றினேன். முப்பத்தொரு வருடம் லேபிளைப் படி, நிறத்தைப் பார், சந்தேகம் வந்தால் ஊற்றாதே என்று கத்தியவள். ஊற்றியது மட்டுமா? எட்டுப் பேரிடம் போய் அவன் பெயரைக் கெடுத்தேன். அவன் சொல்ல வந்தபோது வாயை மூடச் சொன்னேன்.

வெட்கமாக இருக்கிறது. இந்த வார்த்தையை இதற்கு முன் என்னைப் பற்றி எழுதியதாக ஞாபகமில்லை.

யாருக்கும் தெரியாது என்பதும் உடனே தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன். பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு அக்டோபர் 1 எழுதிய பக்கத்தைக் கிழித்தால் முடிந்தது. நாளை அவனுக்கு ஷெட் போகும், எனக்கு ஒன்றும் போகாது. பக்கத்தின் ஓரத்தை விரலால் பிடித்தும் விட்டேன்.

மரகதம் என்று ஒரு மாணவி. செய்முறை ரெக்கார்டில் தப்பு வந்த பக்கத்தைக் கிழித்துவிட்டாள். பக்க எண்ணை வைத்துப் பிடித்தேன். தப்பு வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடி, பக்கத்தில் கையெழுத்துப் போடு, கிழிக்காதே என்று எல்லார் முன்னாலும் சொல்லி, அவளைப் பரீட்சைக்கு உட்காரவிடாமல் ஒரு வருடம் வீணடித்தேன். அவள் அழுதாள். நான் காபி குடிக்கப் போனேன்.

பக்கத்தை விட்டுவிட்டேன். புகாரைத்தான் கிழித்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

சங்க அறையில் ஐந்து நாற்காலி, ஐந்து டீ, ஐந்து பிஸ்கட். லிங்கதுரையை வரச்சொல்லி வாசல் பக்கம் நிற்க வைத்திருந்தார்கள். துவைத்த வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே அந்த ரப்பர்.

"மேடம் புகாரை வாசிப்பாங்க" என்றார் நமசிவாயம், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அறிமுகம் செய்கிறவர் போல.

டைரியைத் திறந்து அக்டோபர் 1ஐ வாசித்தேன். முதல் வரியிலிருந்து. கையெழுத்துப் போட்டதைத் தவிர ஒரு வேலையும் செய்யாத கை வந்தது. செருப்பு வந்தது. சுண்டல் தண்டம் வந்தது. கணக்கு வாத்தியாரும் கமிட்டியில்தான் இருக்கிறார், அவர் டீயைப் புரையேற்றிக்கொண்டார். நமசிவாயத்தின் காது சிவந்துவிட்டது.

"மேடம், தேவையான வரிய மட்டும் வாசிங்க."

"ரெக்கார்டில் வேண்டிய வரியை மட்டும் வாசிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது" என்றேன்.

பாட்டில் வருகிற இடத்தில் எழுத்து தெரியவில்லை. பூதக்கண்ணாடியை வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். டைரியை முகத்துக்கு நேரே கொண்டுவந்தேன், தள்ளிப் பிடித்தேன், எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். கடைசியில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்து முடித்தேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல. இரண்டு பாட்டிலையும் மேசைமேல் வைத்தேன்.

"எண்ணெயை ஊற்றியது நான். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நான் எட்டுப் பேரிடம் சொன்னது பொய்."

கை தூக்கச் சொன்னார்கள். ஷெட் இருக்கட்டும் என்று மூன்று கை. நமசிவாயம் தன் கையைத் தூக்கவே இல்லை, வேலை செய்து பழக்கமில்லாத கைதானே.

வெளியே வந்து லிங்கதுரையிடம் மன்னிக்கச் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோய் பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"மூணு வாரம் மேடம். பதிமூணு வண்டி வெளிய போயிட்டு. தீபாவளிக்கு என் வீட்ல எண்ணெய்ச் சட்டி அடுப்புல ஏறல. அதை எந்த டைரில வாசிப்பீய?"

என்னிடம் இருந்த வார்த்தையெல்லாம் பிறரைத் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்தவை.

"காரை எடுக்காதீய. பிரேக்ல இருக்க ரப்பர் பூரா மாத்தணும், ஒண்ணு விடாம. குழாயெல்லாம் கழுவணும். நான் வந்து கட்டி இழுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 3, திங்கள்

காலை நடை. எட்டுப் பேர், அதே பாதை. ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னேன். மூன்று பேர் "அதனாலென்ன மேடம்" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், நான் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

நவம்பர் 6, வியாழன்

ஷெட் வாசலில் இரண்டு வண்டி நின்றது. ஒன்று என்னுடையது. மற்றது கணக்கு வாத்தியாருடையது.

நவம்பர் 8, சனி

கார் தயார் என்று ஆள் வந்தது. நானும் ரோஸ்லினும் நடந்தே போனோம். ஷெட்டுக்கு முன்னால் லேசான சரிவு. லிங்கதுரை கியரை எடுத்துவிட்டு, ஒரு கையால் தொட்டார், அவ்வளவுதான். கார் சத்தமில்லாமல் உருண்டது. உள்ளே கை விட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினார்.

சாவிக்குக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"கூட்டத்துல ஜன்னல் பக்கம் போனீயள்லா, அப்பமே தெரிஞ்சு போச்சு. கண்ணக் காட்டிட்டு வந்து வாங்கிக்கிடுங்க. அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

என் வாழ்க்கையில் நான்தான் பிறரிடமிருந்து பறிமுதல் செய்திருக்கிறேன். என்ன திமிர் என்று வாய்வரை வந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கண் ஆஸ்பத்திரி. ரோஸ்லின் நான் தலையாட்டுவதற்கு முன்பே ஆட்டோ சொல்லிவிட்டாள்.

"இதையும் பாத்துக்கிடுங்க" என்று பானெட்டைத் தூக்கினார். பிரேக் டப்பாவின்மேல் வெள்ளைப் பெயிண்டில் கோணல் மாணலாக எழுதியிருந்தது: தொடாதே.

ரோஸ்லினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வயசுல மூத்தவ ஐயா. தொடாதீங்கன்னு எழுதக்கூடாதா?"

"இடம் பத்தல டீச்சர்" என்றார் லிங்கதுரை, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இடம் நிறைய இருந்தது. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.